கத்திரி வெயிலில் ஏறாத விமானம்

கத்திரி வெயில் கொளுத்தும் மதியத்தில் காஞ்சிபுரம் பெங்களூர் உயரத்துக்குப் போய்விடுகிறது. ஊர் அசைவதில்லை, ஏகாம்பரநாதர் கோபுரமும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன விமானத்தின் இறக்கைக்கு அப்படித்தான் தெரியும். காஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 42 டிகிரி வெயிலில் இங்கே காற்று விரிந்து, மெலிந்து போகிறது. 15 டிகிரியில் கடற்கரையில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ இருக்கும். இங்கே அந்த மதியத்தில் 1.1 கிலோதான் தேறும். பத்தில் ஒரு பங்கு காணோம். விமானிகள் கணக்கில் இது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் நின்று புறப்படுவதற்குச் சமம். பெங்களூரின் உயரம் 900 மீட்டரை ஒட்டியது. அந்த ஊரின் குளிர்ச்சி மட்டும் நமக்குக் கிடைப்பதில்லை.

காற்று மெலிந்தால் மூன்று அடி ஒன்றாக விழுகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறையும், அதனால் விமானம் தரையில் இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு குறையும், அதனால் வேகம் தர வேண்டிய எஞ்சினே சோர்ந்துபோகும். முன்னால் சுழலும் விசிறிக்கும் கடிக்கக் காற்று போதாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய நஷ்டம்தான். மூன்றும் ஒரே வேளையில், ஓடுபாதை முடிகிற இடத்தில், எதிரே ஒரு பனைமரம் நிற்கும்போது வந்து சேர்வதுதான் ஆபத்து.

2025 ஜூன் 12 மதியம் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் எழுந்த சில நொடிகளில் விழுந்தபோது, நம்மூர் டீக்கடைகளிலும் வெயில்தான் காரணம் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் விசாரணையின் முதற்கட்ட அறிக்கை, எழுந்த உடனேயே இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் நிறுத்தும் நிலைக்கு மாறியதைத்தான் சொன்னது. பெரிய விமானங்கள் வெயிலைக் கணக்கில் எடுக்காமல் கிளம்புவதில்லை. வெப்பம், எடை, காற்றின் திசை எல்லாம் சேர்த்து, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பது வரை தாளில் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல், கண்ணையும் பழக்கத்தையும் நம்பிப் பறந்தவர்கள் வேறு ஒரு சாதி விமானிகள். பயிருக்கு மருந்தடித்தவர்கள்.

அவர்கள் கதை 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்குகிறது. டிராய் என்ற ஊருக்கு அருகே ஒரு மரத்தோப்பைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஜான் மெக்கிரெடி என்ற ராணுவ விமானி, போருக்குச் செய்த கர்ட்டிஸ் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைக் கட்டி, ஈய ஆர்சனேட் தூளைத் தூவிக்கொண்டே தோப்பின் மேல் பறந்தார். புழு செத்தது, ஒரு தொழில் பிறந்தது. அந்தத் தொழிலில் முளைத்த கம்பெனி ஒன்றுதான் பிற்பாடு டெல்டா ஏர்லைன்ஸ் ஆனது. ஆனால் தூவுகிற வேலையிலேயே தங்கிவிட்ட விமானிகள் வருஷா வருஷம் செத்துக்கொண்டிருந்தார்கள். மின்கம்பியில் மாட்டி ஒருவர், திரும்பும்போது வேகம் இழந்து இன்னொருவர், புறப்படும்போதே மற்றொருவர்.

புறப்படும்போது நடக்கும் விபத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அவசரமே இல்லாத மாதிரி அது நடக்கும். வயலோரத்துப் புல்தரை. தொட்டி நிரம்ப மருந்துத் தண்ணீர், டேங்க் நிறைய பெட்ரோல். வேலை நாளில் மருந்து ரொப்பி எழுவதும் இறங்குவதும் ஒரே நாளில் பல முறை நடக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்த அதே தரையில், அதே எடையோடு, பதினொரு மணிக்கும் எழுந்துவிடலாம் என்று கை நம்பும். காலைக்கும் அதற்கும் நடுவே பதினைந்து டிகிரி ஏறியிருப்பதைக் கை அறியாது. விமானம் ஓடும், வால் உயரும், சக்கரமும் தரையை விடும். அங்கேதான் கண்ணி. தரைக்கு மிக அருகே, இறக்கை நீளத்தில் பாதி உயரத்துக்குள் பறக்கும்போது, தரையே இறக்கையைத் தாங்குவது போல ஒரு சலுகை கிடைக்கும். அந்தச் சலுகையில் விமானம் மிதக்கும். எழுந்துவிட்டோம் என்று விமானி நினைப்பார். இன்னும் பத்தடி உயர்ந்தால் சலுகை போய்விடும், அதற்கு மேல் ஏற எஞ்சினில் தெம்பு இருக்காது. எதிரே வேலியும் மரமும் வருகின்றன. மூக்கை இழுத்தால் வேகம் செத்துவிடும். இழுக்காவிட்டால் மரம்.

அந்த நொடிக்காகவே இந்த விமானங்களில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து, மருந்து முழுவதும் சில நொடிகளில் கீழே கொட்டிவிடும். நூற்றுக்கணக்கான கிலோ ஒரே அடியாகக் குறைய, விமானம் துள்ளி மேலே போகும். அதை இழுக்கத் தயங்கியவர்கள்தான் பலர். மருந்து காசு, அதைவிடக் கூச்சம். பக்கத்து வயல்காரனின் தலையில் விஷம் கொட்டிவிடுமே என்ற நியாயமான பயமும் இருந்திருக்கும்.

பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கு ஒரு கைக்கணக்கு சொல்லித்தருகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் புறப்படும் தூரம் 10 சதவீதம் கூடும். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம். உலர்ந்த புல்தரை என்றால் இன்னொரு 20. இவற்றை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. 15 டிகிரியில் 400 மீட்டர் போதும் என்கிற விமானம், 42 டிகிரியில், பத்து சதவீதம் கூடுதல் எடையோடு, உலர்ந்த புல்தரையில் 750 மீட்டர் கேட்கும். தரை நீளம் 600 மீட்டர்தான் என்றால் விபத்து அறிக்கையைக் காலையிலேயே எழுதி வைத்துவிடலாம்.

இந்தியாவும் இந்தத் தொழிலில் இறங்கியது. பாலைவன வெட்டுக்கிளியும் கரும்பு, பருத்திப் பூச்சிகளும் தொல்லை கொடுத்த காலம், பசுமைப் புரட்சிக் காலம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ‘பசந்த்’ என்ற மருந்து விமானத்தைக் கட்டியது. திருத்திய வடிவம் 1972 மார்ச் 30 அன்று முதல்முறை பறந்தது. ஒற்றை இருக்கை, 400 குதிரைசக்தி லைகமிங் எஞ்சின். விமானி வயலைப் பார்க்க வசதியாக உயரத்தில் அமர்ந்திருப்பார், மருந்துத் தொட்டி அவருக்கு முன்னால் இருக்கும். இந்த அமைப்புக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வீக். 1950இல் அவர் வடிவமைத்த ஏஜி-1 விமானம், பறப்பதை மட்டுமல்லாமல் விழுவதையும் யோசித்துச் செய்யப்பட்ட ஒன்று. மோதினால் முதலில் மூக்கு நசுங்கும், பிறகு தொட்டி, கடைசியில்தான் மனிதன். அதுவரை சில விமானங்களில் தொட்டி விமானிக்குப் பின்னால் இருந்தது. விழும்போது எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே அவர் சிக்கிக்கொள்வார். விபத்தை ஒழிக்க முடியாது, ஆளையாவது காப்பாற்றுவோம் என்று முடிவெடுத்த வடிவம் அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

பசந்த் தயாரிப்பு 1980இல் நின்றது. நாற்பதை எட்டாத எண்ணிக்கையோடு கதை முடிந்தது.

காஞ்சிபுரம் பக்கத்துக் கழனிகளுக்கு இப்படிப்பட்ட விமானம் ஒருநாளும் பொருந்தியிருக்காது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. அரை ஏக்கர் கழனி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 45 மீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் ஒரு நொடியில் கடப்பதும் அதே 45 மீட்டர்தான். குழாயைத் திறந்து மூடுவதற்குள் மருந்து பக்கத்துக் கழனிக்காரரின் கத்தரிச்செடி மேலும், ஏரிக்கரையில் மேயும் மாட்டின் மேலும் விழுந்திருக்கும். ஏரிகளை நம்பியே பயிர் வைக்கும் மாவட்டம் இது. தென்னேரி, உத்திரமேரூர் ஏரி என்று நீர்நிலைகள் கழனிகளோடு ஒட்டியே கிடக்கின்றன. வானத்திலிருந்து விஷம் தூவ இதைவிடப் பொருத்தமில்லாத நிலம் கிடைப்பது கஷ்டம்.

சட்டம் இதை யோசித்திருந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது, விதிகள் 1971இல். வானிலிருந்து மருந்தடிப்பதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், எல்லையைக் குறிக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. இந்த விதி தாளில் இருந்த காலத்தில்தான் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் கேரளத் தோட்டக் கழகம் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தைத் தெளித்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி 2000 வரை அது நீண்டது. கீழே வீடுகளும் கிணறுகளும் சுரங்க ஊற்றுகளும் இருந்தன. உடல் குறைகளோடு பிறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்த யாருக்கும் அந்த மாவட்டத்தின் பெயர் இன்றுவரை வேறொன்றை நினைவூட்டாது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்ஃபானுக்குத் தடை போட்டது. விழுகிற விமானத்தைவிட விழாமல் பறக்கிற ஹெலிகாப்டர் அதிகக் கேடு செய்ய முடியும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி.

அப்படியானால் காஞ்சிபுரத்தில் அன்று மருந்தடித்தது யார்? முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்ட கூலியாள்தான். இடது கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே, வலது கையில் குழலைப் பிடித்து, முழங்கால் சேற்றில் நடப்பார். தோளில் வார் அறுத்த தழும்பு இருக்கும். முகத்தில் ஒரு துண்டு, அதுவும் பாதி நேரம் கழுத்தில். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. அதாவது பத்து, பன்னிரண்டு தடவைக்கு மேல் தெளிப்பானை ரொப்பித் தூக்க வேண்டும். பிறகு பெட்ரோலில் ஓடும் பவர் ஸ்பிரேயர் வந்தது. கை ஓய்ந்தது, ஆனால் மருந்து இன்னும் பொடிப்பொடியாக முகத்துக்கு வந்தது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்தார்கள். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. வியர்த்த தோலில் மருந்து வேகமாக இறங்கும், புழுக்கத்தில் முகமூடியை யாரும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். விமானம் வராததால் எங்கள் பக்கத்தில் விமானி யாரும் சாகவில்லை. வெயிலின் கணக்கு வரப்பில் நடந்தவன் தலையில் விழுந்தது.

இன்று நவரை, சொர்ணவாரி நெல் பட்டங்களில் வாலாஜாபாத், உத்திரமேரூர் சாலைகளில் விடியற்காலையில் போனால், குட்டி யானை வண்டியின் பின்னால் கறுப்புக் கால்களை மடக்கிக்கொண்டு ஒரு ட்ரோன் உட்கார்ந்து வருவதைப் பார்க்கலாம். கூடவே ஒரு ஜெனரேட்டர், நீல டிரம், இரண்டு பக்கெட், நாலைந்து ஜோடி பேட்டரி. ஓட்டுகிற பையனுக்கு இருபத்தைந்துக்குள் இருக்கும். முதலில் அவன் ட்ரோனைத் தொடமாட்டான். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கழனியின் நான்கு மூலைக்கும் வரப்பில் நடப்பான், மூலைக்கு ஒரு புள்ளி பதிவாகும். பிறகு கண்ணை உயர்த்தி மோட்டார் கொட்டகைக்கு வரும் கம்பியைப் பார்ப்பான், கம்பத்தை இழுத்துக்கட்டிய ஸ்டே வயரைப் பார்ப்பான், வரப்பில் நிற்கிற பனையைப் பார்ப்பான். “அண்ணா, இந்தப் பக்கம் அஞ்சு மீட்டர் விட்டுடறேன், அங்க மட்டும் கையால அடிச்சிக்கோங்க” என்பான். கழனிக்காரருக்கு அதில் மனக்குறைதான். காசு முழு ஏக்கருக்கு ஆயிற்றே!

பத்து லிட்டர் தொட்டி, ஏக்கருக்கு ஒரு தொட்டி, ஏழெட்டு நிமிஷம். இருநூறு லிட்டரில் கரைந்த மருந்து இங்கே பத்து லிட்டரில் கரைகிறது. அதனால் துளி கனமாகவும் இருக்கக்கூடாது, காற்றில் ஆவியாகும் அளவுக்குப் பொடியாகவும் இருக்கக்கூடாது. அந்தப் பக்குவத்தைக் கெடுப்பது வெயில். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் துளி பயிரில் படுவதற்குள் காய்ந்துவிடுகிறது, இல்லையென்றால் அனல்காற்று பக்கத்துக் கழனிக்குத் தூக்கிப்போகிறது. காஞ்சியின் நெசவுத் தெருக்களில் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் தெருவை விடுவது போல, இவர்களும் பத்து மணிக்குக் கடையைக் கட்டுகிறார்கள். மறுபடி நாலு மணிக்கு மேல்தான்.

ட்ரோனுக்கும் காற்று மெலிவது தெரியும். பத்து சதவீதம் மெலிந்த காற்றில் அதே எடையைத் தாங்கி நிற்க விசிறிகள் ஐந்து சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும், கிட்டத்தட்ட அதே அளவு மின்சாரமும் கூடும். காதுக்கே அது கேட்கும். ஆறு மணிக்கு எழும்போது வரும் ஓசைக்கும், ஒன்பதரைக்கு அதே நிறைதொட்டியோடு எழும்போது வரும் கீச்சலுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் பெரிய சங்கடம் பேட்டரிதான். இறங்கியதும் கழற்றினால் கை சுடுகிறது. சூட்டோடு சார்ஜ் போட்டால் ஆயுள் போகும், சில சமயம் உப்பிக்கொள்ளும். வேப்பமர நிழலில் வரிசையாக ஆறவைத்து, டேபிள் ஃபேன் ஒன்றை ஜெனரேட்டரில் ஓட்டுவார்கள். பல ட்ரோன்களின் கையேட்டில் 40 அல்லது 45 டிகிரிதான் வரம்பு. கத்திரியில் நம்மூர் வரப்பு அதைத் தொட்டுவிடும்.

ட்ரோனும் புறப்படும்போது விழுகிறது. மடித்த கை சரியாகப் பூட்டாமல் விழுவதுண்டு. இரும்பு வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கிளப்பியதால் திசைகாட்டி குழம்பிக் கவிழ்வதுண்டு. தளர்ந்த பேட்டரியில் நிறைதொட்டியைத் தூக்கப் பார்த்து அமிழ்வதும் உண்டு. சேற்றில் கிடக்கிற இயந்திரத்தைப் பார்த்துப் பையனின் முகம் தொங்கிப்போகும். கை ஒன்று, விசிறி இரண்டு, மோட்டார் ஒன்று, ஒரு வார வேலை போச்சு. கழனிக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அன்றைய விபத்துக்கும் இன்றைய விபத்துக்கும் உள்ள தூரம் அந்த டீதான் என்று சொன்னால் மிகையாகாது. பிரெட் வீக் மூக்கையும் தொட்டியையும் முன்னால் வைத்து மனிதனைப் பின்னுக்கு நகர்த்தினார். ட்ரோன் அவனை இறக்கியே விட்டது.

இதற்குப் பின்னால் அரசாங்கமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புதிய ட்ரோன் விதிகள் வந்து கெடுபிடிகள் தளர்ந்தன. தமிழ்நாட்டில் 2022இல் ஆளில்லா விமானக் கழகம் தொடங்கப்பட்டது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில். நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்ததால் சினிமாப் பக்கங்களிலும் இடம்பிடித்த ‘தக்‌ஷா’ மாணவர் குழு உருவானதும் அந்த வளாகத்தில்தான். 2023 நவம்பரில் மத்திய அரசு 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாக அறிவித்தது, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் வரப்பில் நடந்தவரின் கூலி என்னவாயிற்று என்று எந்த அறிவிப்பிலும் பார்க்க முடியவில்லை. அவர் நுரையீரல் தப்பியது, பட்டத்துக்கு இத்தனை நாள் என்றிருந்த வேலையும் தப்பிப்போயிற்று. இப்போது அவர்களில் சிலர் ட்ரோன் குழுவில் மருந்து கலக்குகிறார்கள். பத்து லிட்டரில் ஒரு ஏக்கர் மருந்து என்றால் கலவையின் வீரியம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கையுறை இல்லாமல் குச்சியால் கலக்குவதையும் பார்க்க முடிகிறது.

இந்த மாவட்டத்தின் வானத்துக்கு இன்னொரு சங்கதியும் வந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு வந்தது. 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கிற திட்டம். கழனி, ஏரி, வீடு எல்லாம் அதற்குள் வருகின்றன. அதில் அடங்கும் ஏகனாபுரம் கிராம மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். 2025இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

விமான நிலையம் கட்டுவோருக்கும் வெயில் ஒரு கணக்குதான். சர்வதேச வழிகாட்டுதலின்படி, ஊரின் மிக வெப்பமான மாதத்தில் தினசரி உச்ச வெப்பத்தின் சராசரியை எடுப்பார்கள். தரநிலை வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஓடுபாதை ஒரு சதவீதம் நீள வேண்டும். நம் பக்கத்தில் மே மாதத்துக்கு 37, 38 டிகிரி என்று வைத்தால் இருபத்திரண்டு சதவீதத்துக்கு மேல். குளிர்ந்த நாட்டில் 3,000 மீட்டர் போதும் என்கிற விமானத்துக்கு இங்கே இன்னும் 650, 700 மீட்டர் தார் போட வேண்டும். பரந்தூரின் நிலமெல்லாம் வெயிலுக்காகப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று புல்தரை போதாமல் விமானி உயிரால் கட்டிய வித்தியாசத்தை, இன்று நிலமாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பயணிக்கு அது பாதுகாப்பு, வேறு எப்படியும் கட்டக்கூடாது. யாருடைய கழனியிலிருந்து அந்த 700 மீட்டர் வருகிறது என்பது ஏகனாபுரத்தாருக்குத் தெரியும்.

நிலையம் வந்துவிட்டால் ட்ரோன் பையனுக்கும் வேலை கூடும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் வரை வானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. 8 கிலோமீட்டரைத் தாண்டினால் 200 அடி உயரம் வரை தடையில்லை, மருந்தடிக்க அது தாராளம். அதற்குள்ளே இருக்கிற ஊர்களில், பயிருக்கு ஆறடி மேலே பறப்பதற்கும் முன்அனுமதி கேட்க வேண்டிவரும். புகையான் பூச்சி விழுந்த நெற்கழனி இரண்டு நாள் தாங்கினால் பெரிது. மூன்றாம் நாள் அனுமதி வந்தால், அன்று காலை ஒன்பதரைக்குள் முடித்தாக வேண்டும்.